பகலில் பள்ளி, மாலையில் இல்லம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கழகத்தின் தொண்டினைப் பாராட்டிப் பேச இம்மேடையில் பலர் உள்ளனர். நான் ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியன். என் பணியோடு தொடர்புடைய ஒரு பொருளைப் பற்றி மட்டும் சில சொற்கள் கூற விரும்புகிறேன். நம் சமுதாயத்தில் பிறந்த கூர்மதி படைத்த பிள்ளைகளை நாம் எவ்வாறு வளர்த்தெடுப்பது என்பதே அப்பொருள்.

நகரங்களில் வாழும் வசதி படைத்த குடும்பங்கள் சில, அறிவிற் சிறந்த தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கின்றன. நாற்பது பேருக்கும் ஒரே வேகத்தில் நடத்தப்படும் பாடம், விரைந்து கற்கும் பிள்ளைக்குச் சலிப்பூட்டுகிறது என்பது அவர்கள் வாதம். அவ்வாறு கற்றவர்கள் பதினான்கு வயது நிறைந்தபின், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுகின்றனர். "ஐயா, நம் பிள்ளைகளுக்கும் இவ்வழி ஏற்றதா?" என்று நம் இளைஞர் சிலர் என்னைக் கேட்டனர். அவ்வினாவுக்கு விடை கூறவே இன்று வந்துள்ளேன்.

அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பிறர் கணக்கை எழுதிக்கொள்ளும் முன்பே விடையைக் கண்டுவிட்டு, மீதி நேரமெல்லாம் சாளரத்தைப் பார்த்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பல வகுப்பறைகளில் கண்டிருக்கிறேன். 'கவனமில்லாதவன்' என்றும், 'குறும்புக்காரி' என்றும் அவர்கள் பெயரெடுப்பதுண்டு. படித்த குடும்பத்துப் பிள்ளையாயின், அது திறமையின் அறிகுறி என்று வீட்டில் ஒருவர் கண்டுகொள்வார். முதல் தலைமுறையாகப் படிக்கும் நம் பிள்ளைக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ அப்பிள்ளை செங்கல் சூளைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்விடுகிறது. ஓர் அறிஞரை இழந்தோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

ஆயினும், பள்ளியை விட்டு விலகுவது நமக்குரிய வழியன்று. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பள்ளியின் கதவு நமக்குத் தானாகத் திறந்ததன்று. 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்க வேண்டியிருந்தது. அம்முயற்சிக்குப் பண்டித அயோத்திதாசர் துணை நின்றார். அண்ணல் அம்பேத்கர் சாத்தாராவில் பயின்றபோது, தாம் அமர்வதற்கான சாக்குத் துணியை வீட்டிலிருந்தே கொண்டு சென்று தனியே அமர நேர்ந்தது. பிறரோடு ஒரே பெஞ்சில் அமரும் உரிமையே நாம் பெற்ற முதற் பட்டமாகும்.

இரண்டாவது, ஏழைப் பிள்ளை ஏறிச்செல்லும் ஏணியின் படிகள் பள்ளியோடு பிணைக்கப்பட்டுள்ளன. 2008-இல் தொடங்கிய தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வை, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவரே எழுத முடியும். வென்றவர்க்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய் கிடைக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020-இல் சட்டமாக்கியது. 2021-இல் அது பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இவ்வொதுக்கீடு அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கே உரியது. பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்டால் இப்படிகளை நம் கையாலேயே அறுத்தவர் ஆவோம்.

மூன்றாவது, வீட்டுக் கல்விக்குப் படித்த ஒருவர் நாள் முழுதும் வீட்டிலிருக்க வேண்டும். விடியுமுன் வேலைக்குச் செல்லும் நம் தாய் தந்தையரால் அது இயலுமா? 2020 மார்ச்சில் நோய்த் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது வீடே பள்ளியாயிற்று. கைப்பேசி இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இடையே விளைந்த ஏற்றத்தாழ்வை நாம் கண்ணாரக் கண்டோம்.

அப்படியாயின் கூர்மதி படைத்த பிள்ளைக்கு என்ன வழி? பகலில் பள்ளி, மாலையில் இல்லம் என்னும் இரண்டாம் பள்ளி. நம் முன்னோர் காட்டிய வழி இதுவே.

அண்ணலின் தந்தையார் இராம்ஜி, பம்பாயின் பரேல் பகுதியில் ஒற்றை அறையில் குடும்பத்தோடு வாழ்ந்தவர். இரவு இரண்டு மணிவரை தாம் விழித்திருந்து, பின் மகனை எழுப்பிப் படிக்கச் செய்தார். மகன் கேட்ட நூல்களை வாங்கப் பணமில்லாதபோது, மணமான தம் பெண்களிடம் கடன் பெற்றார். அம்மகன் எல்பின்ஸ்டன் பள்ளியில் பயின்று 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பள்ளியும் இல்லமும் இணைந்து உருவாக்கிய மேதை அவர். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன், சிறுவயதில் பல மைல் தூரம் நடந்து பள்ளி சென்றவர். நூல் வாங்க வசதியில்லாத அவருக்கு, நோயால் வீட்டிலேயே இருந்த அண்ணன் பிறருடைய புத்தகங்களை இரவல் பெற்றுக் கையால் படியெடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் படியும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டும் என்பதை அவ்விருவரிடம் காண்கிறோம்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். "இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்" என்று நாள்தோறும் கேளுங்கள். பிறர்க்கு விளக்கிக் கூறும்போதுதான் பாடம் தெளிவாகும். மாலையில் ஒரு மணி நேரம் கடைக்கும் தண்ணீருக்கும் அனுப்பாமல், ஒரு விளக்கையும் ஓர் இடத்தையும் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். பெண் பிள்ளைக்கும் இதுவே விதியாகட்டும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவள் ஒருத்திமேல் மட்டும் விழவேண்டாம்.

இளைஞர்களே, மீதிக் கடமை உங்களுடையது. முன் சொன்ன படிப்புதவித் தேர்வில் மனத்திறன் பகுதிக்கு 90 வினாக்களும் பாடப் பகுதிக்கு 90 வினாக்களும் உள்ளன. எண் தொடர், உருவ ஒப்புமை போன்ற மனத்திறன் வினாக்கள் பாடநூலில் இல்லை. அவற்றைப் பழக்குவதற்கு நம் மாலை வகுப்பே இடமாகட்டும். ஒவ்வொரு தெருவிலும் விரைந்து கற்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து, ஒரு பிள்ளைக்கு ஒரு பட்டதாரி இளைஞரைப் பொறுப்பாக்குங்கள். மேல் வகுப்புப் புத்தகத்தைக் கொடுங்கள். கிளை நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். விண்ணப்பத் தேதி தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறமை இருந்தும் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் உரிய காலத்தில் கிடைக்காமல் வாய்ப்பிழக்கும் நிலை இனி நம் ஊரில் நேரக்கூடாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1806-இல் இங்கிலாந்தில் பிறந்த ஜான் ஸ்டூவர்ட் மில், பள்ளிக்கே செல்லாமல் தந்தையிடம் மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் கற்றவர். பேரறிஞரானார் எனினும், இருபதாம் வயதில் மனச்சோர்வில் வீழ்ந்ததைத் தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். பிள்ளையின் அறிவு நம் பெருமைக்கான கருவியன்று. விளையாடவும் தோழரோடு சிரிக்கவும் அதற்கு நேரம் வேண்டும். மெல்லக் கற்கும் பிள்ளையும் நம் பிள்ளையே. ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்திப் பேசலாகாது. விரைந்து கற்றவன் தன் பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், இருவருமே வளர்வர்.

இக்கழகத்தின் பொன் விழா நாளில், இன்று மாலை வகுப்பில் அமரும் ஒரு சிறுமி மருத்துவராகவோ நீதிபதியாகவோ பேராசிரியராகவோ இம்மேடையில் நின்று பேச வேண்டும். அதற்கான வேலையை நாளை மாலையே தொடங்குவோம்.