விளம்பரத்தில் வந்த பறவை



கொங்குவேளிரோடும் பெருங்கதையோடும் சேர்த்துப் போற்றப்படும் விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரரை வழிபட ஈரோட்டிலிருந்து செல்வோர் பெருந்துறையைக் கடந்து போவர். அந்தப் பெருந்துறையின் பெயரை 2012-ஆம் ஆண்டில் தமிழகம் முழுவதும் பேச வைத்தது ஒரு பறவை. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஈமு அது.

அக்காலத்தில் மாலை வேளைகளில் தொலைக்காட்சியைத் திறந்தால், தொடர்களுக்கு இடையே ஈமு வந்து நின்றது. திரையில் பழகிய முகங்கள் அதன் அருமையை எடுத்துரைத்தன. முட்டை, இறைச்சி, எண்ணெய், இறகு என ஒவ்வொன்றுக்கும் விலை கூறப்பட்டது. பெருந்துறையில் இயங்கிய சுசி ஈமு பண்ணை நிறுவனம் இதில் முன்னணியில் நின்றது. அதன் அடியொற்றி வேறு பல நிறுவனங்களும் முளைத்தன.

அவர்கள் முன்வைத்த திட்டம் எளிமையானது. ஒன்றரை இலட்சம் ரூபாய் வைப்புத்தொகை செலுத்தினால் ஆறு குஞ்சுகள் தரப்படும். கொட்டகையும் தீவனமும் நிறுவனத்தின் பொறுப்பு. வளர்ப்புக் கூலியாக மாதம் 6,000 ரூபாய். ஆண்டுக்கு ஒருமுறை 20,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஈராண்டு முடிவில் வைப்புத்தொகையும் திரும்பக் கிடைக்கும். ஒரு தாளில் கூட்டிப் பார்த்தாலே போதும். 24 மாதக் கூலி 1,44,000, ஊக்கத்தொகை 40,000, ஆக 1,84,000 ரூபாய். போட்ட முதலை விஞ்சிய வருவாயும் வரும், முதலும் குறையாது! தீவனச் செலவு வேறு. ஈமுவின் இறைச்சிக்கோ எண்ணெய்க்கோ இத்தனை பணத்தைத் தாங்கும் சந்தை தமிழ்நாட்டில் இருந்ததில்லை. அங்ஙனமாயின் மாதந்தோறும் தந்த பணம் எங்கிருந்து வந்தது? அடுத்து வந்து சேர்ந்தவரின் வைப்புத்தொகையிலிருந்துதான்.

இக்கணக்கு அறியாதவர் அல்லர் கொங்கு நாட்டு மக்கள். மஞ்சளின் விலையும் நூலின் விலையும் விசைத்தறிக் கூலியும் விரல்நுனியில் வைத்திருப்பவர்கள் அவர்கள். மேலும், அண்டையூரான திருப்பூரில் அந்நியச் செலாவணி வணிகத்தின் பெயரால் பல நூறு கோடி ரூபாய் திரட்டிய பாசி நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் கவிழ்ந்ததை அவர்கள் மறந்திருக்க முடியாது. மூன்றே ஆண்டுகளில் மீண்டும் ஏன் ஏமாந்தார்கள்?

பாசி காட்டியது தாள். ஈமு நிறுவனங்கள் காட்டியது உயிர். இதுவே வேறுபாடு. எருமையும் வெள்ளாடும் காங்கேயம் காளையும் வளர்த்துப் பழகிய மண்ணில், கண்முன்னே தின்று வளரும் ஒன்றின்மீது ஐயம் எளிதில் எழாது. கிணறு வற்றிப்போய், கூலியாள் கிடைக்காமல், பிள்ளைகள் நகரத்திற்குச் சென்றுவிட்ட தோட்டத்து வீடுகள் எத்தனை! அங்கே இருக்கும் முதியவருக்கு மாதச் சம்பளம்போல ஒரு தொகை வருமென்று சொல்வது அவருடைய பேராசையை மட்டும் தொடுவதன்று. பிள்ளைகளிடம் கை நீட்டாமல் வாழலாம் என்னும் தன்மானத்தையும் தொடுவது. ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று பழிப்போர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

விளம்பரத்தை மட்டுமே நம்பிப் பணம் கொடுப்போர் சிலரே. விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்த உறவினரை நம்பிக் கொடுப்போரே பலர். பக்கத்துத் தோட்டத்தில் கொட்டகை எழுந்து, மைத்துனருக்கு முதல் மாதப் பணமும் வந்துவிட்ட பிறகு, அன்று மாலை தொலைக்காட்சியில் தோன்றும் நடிகர் மைத்துனரின் சொல்லுக்குச் சாட்சியாகி விடுகிறார். அதன்பின் கணக்குக் கேட்பவர் பொறாமைக்காரராகவே தெரிவார். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் பொருளின் அளவை முன்னரே வரைந்துகொள்ளச் சொல்வது இங்கு நினைக்கத்தக்கது. பறவையைக் கண்டபின் வரையும் அளவு, பறவையின் பக்கமே சாய்ந்துவிடும்.

2012 ஆகஸ்டில் மாதப் பணம் நின்றது, அலுவலகங்கள் பூட்டப்பட்டன. பணம் செலுத்தியவர்கள் பெருந்துறைக்குத் திரண்டு வந்தனர். கம்பிவலைக்குள் இருந்த பறவைகளுக்கோ தீவனம் வரவில்லை. பல பட்டினியால் மடிந்தன. அரசின் கால்நடை பராமரிப்புத் துறை வந்து எஞ்சியவற்றுக்குத் தீவனம் அளிக்க நேர்ந்தது. முந்தைய மாதம்வரை வைப்புத்தொகைக் கணக்கில் தலைக்கு 25,000 ரூபாய் பெற்ற உயிர், ஒரே வாரத்தில் எவருக்கும் வேண்டாத வாயாகிவிட்டது. பண இழப்பைப் பற்றிப் பேசியவர்களுள் இதனைப் பேசியோர் குறைவு. கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்ட குடும்பங்களாவது பேச வேண்டும். தூண்டிலில் கோத்த இரையாகப் பயன்பட்டதும் ஓர் உயிர்தானே!

அன்று விளம்பரத்தில் தோன்றியவரை நேரடியாகப் பொறுப்பாக்கும் பிரிவு நுகர்வோர் சட்டத்தில் இல்லை. 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு வழிசெய்துள்ளது. தவறான விளம்பரத்திற்குப் பரிந்துரை செய்தவருக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். ஓராண்டு வரை விளம்பரங்களில் தோன்றத் தடையும் விதிக்கலாம். உண்மையை உரியவாறு ஆராய்ந்த பின்னரே தோன்றியதாக மெய்ப்பித்தால் அவர் விடுபடுவார்.

ஆயினும் அந்தத் தண்டம் இழந்தவரின் கைக்கு வருவதன்று. இழந்த பணத்தை மீட்க முனையும் சட்டம் வேறு. அது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலப் பாதுகாப்புச் சட்டம். அதன்கீழ்க் கோவையில் இயங்கும் சிறப்பு நீதிமன்றமே சுசி நிறுவனத்தின் உரிமையாளருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இத்தகைய வழக்குகளில் நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, ஏலம் விட்டு, வரும் தொகையைப் பகிர்ந்தளிப்பர். பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் அளித்து, இரசீதையும் ஒப்பந்தத்தையும் ஒப்படைத்தவருக்கே அதில் பங்கு கேட்க இயலும். ஊர் சிரிக்குமே என்று கூசி, தாள்களைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டியவர்களும் உண்டு. உங்கள் இல்லத்திலோ உறவிலோ அத்தகைய பெட்டி இருக்குமாயின், அதனைத் திறக்கச் சொல்லுங்கள்.