வள்ளல் பச்சையப்ப முதலியார்



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், பெருமாள் திருக்கோயிற் சுவரிலே வீரராசேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டொன்று விளங்குகின்றது. மாணவர்க்குக் கல்விச்சாலையும், உண்டியும் உறையுளும், 15 படுக்கைகளோடு கூடிய ஆதுலர்சாலையும் திருக்கோயில் வருவாயினின்று நடைபெற்றமையை அது கூறுகின்றது. வழிபாடும் கல்வியும் மருந்தும் ஓரறத்தின் கிளைகளே என்பது முன்னோர் கொள்கை. அக்கொள்கை ஏழு நூற்றாண்டுகட்குப் பின் வணிகப் பெருமகனார் ஒருவரது பொருளால் மீண்டும் தழைத்தது. அவரே வள்ளல் பச்சையப்ப முதலியார்.

அவர் 1754-ஆம் ஆண்டில், தந்தையார் மறைந்த பின்னர்ப் பிறந்தவர். வறுமையுற்ற அக்குடும்பத்தைச் சென்னையில் துபாஷியாக விளங்கிய நாராயண பிள்ளை ஆதரித்தார். அவர்பால் தொழில் பயின்ற பச்சையப்பர், ஆங்கில வணிகர்க்கும் அதிகாரிகட்கும் துபாஷியாகிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். இருமொழியறிவும் கணக்கின் நேர்மையுமே அத்தொழிலுக்கு முதல். வாக்குப் பிறழ்ந்தவரை இருதிறத்தாரும் நம்பார். ஈட்டிய பொருளை அவர் பூட்டி வைத்தாரல்லர். காஞ்சியிலும் தில்லையிலும் திருப்பணிகட்கும் அன்னதானத்திற்கும் வழங்கினார்.

நாற்பதாம் அகவையில் நோய் மிகவே, 1794 மார்ச்சு 22-ஆம் நாள் கும்பகோணத்தில் உயில் எழுதினார். அறங்கட்குப் பெரும்பொருளை ஒதுக்கினார். அதே திங்கள் 31-ஆம் நாள் திருவையாற்றில் இறைவன் திருவடி எய்தினார்.

இனி நடந்ததே சிந்தித்தற்குரியது. உயில் இருந்தது, பொருளும் இருந்தது, ஆயினும் அறம் நடைபெறவில்லை. வழக்குகளிலே ஆண்டுகள் பல கழிந்தன. கொடுத்தவர் கண்மூடினார், காப்பவர் கண்விழித்திலர். பின்னர் வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் முதலியோரின் முயற்சியால், சென்னை உச்ச நீதிமன்றம் 1832-இல் ஒழுங்கு வகுத்தது. சமய அறங்கள் குறைவின்றி நடைபெறவும், எஞ்சிய பொருள் கல்விக்குப் பயன்படவும் வழி பிறந்தது. 1842-இல் சென்னையில் பள்ளி தோன்றியது; அது 1889-இல் கல்லூரியாக உயர்ந்தது. 1947-இல் காஞ்சிபுரத்திலும் அவர் பெயரால் ஒரு கல்லூரி எழுந்தது. அறச்செல்வம் ஊன்றிய விதை, உறங்கிக் கிடந்தும் பட்டுப்போகவில்லை.

கோயில் அறங்களைக் கல்லிலே பொறித்த முன்னோர், இறுதியில் "இது பன்மாகேசுவர ரட்சை" என்று முடித்தனர். அறத்தின் காவல் அடியார் திருக்கூட்டத்தின் கையிலுள்ளது என்பதே அதன் கருத்து. இக்கும்பாபிடேகத்திற்குப் பொருளீந்த பெருமக்கள் செய்தது அறத்தின் முற்பகுதி. நாள்தோறும் விளக்கெரியவும், கணக்கு வெளிப்படையாய் விளங்கவும், ஏழை மாணவர் ஒருவராயினும் கற்கவும் காத்து நிற்பதே பிற்பகுதி.

கொடுப்பது ஒரு நாட் செயல்; காப்பதோ தலைமுறைகளின் தவம். பச்சையப்பர் வரலாறு கற்பிப்பது இதுவே. அத்தவம் இவ்வூரில் வழுவாது நிலைபெறத் திருவருள் முன்னிற்க!