தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகும் லாரி சூடாகிறதா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக்கான நம் நகர்வாசி ஒருவர் பேசியது.)

கோட்டாற்றில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பேனர் பிடித்தவன் நான். மேடைப் பேச்சு பழக்கமில்லை. லாரி வைத்துப் பிழைக்கிற வீடுகள் நம் நகரில் பல இருக்கின்றன, அவர்களுக்கு உதவும் என்று செயலாளர் சொன்னதால் வந்தேன்.

போன மாதம் நம் தெருத் தம்பி ஒருவர் ராத்திரி கதவைத் தட்டினார். தேங்காய் ஏற்றித் திருநெல்வேலி போகிற 407 அவருடையது. "மாமா, புது தெர்மோஸ்டாட் போட்டேன். முப்பந்தல் தாண்டுமுன்னே முள்ளு சிவப்புக்குப் போயிடுது" என்றார். அதையும் மாற்றி இன்னொன்று போட்டாயிற்று, அதே கதை. அடுத்து, "கழட்டித் தூக்கிப் போடு, அது இல்லாமலே ஓடும்" என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். வண்டிக்குத் தவணை பாக்கி. ஹெட் வளைந்தால் அவர் குடும்பம் எழும்ப நாளாகும்.

கழற்றி எறிகிற யோசனையை முதலில் மறந்துவிடுங்கள். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறப்பது மட்டுமல்ல, பல எஞ்சின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் இதே தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறையாது, கூடத்தான் செய்யும்.

புதிதாக மாற்றிய வண்டி சூடானால் என் முதல் சந்தேகம் காற்று. தெர்மோஸ்டாட் மாற்றத் தண்ணீரை இறக்குகிறோம். திரும்ப ஊற்றும்போது மேலே ஹவுசிங்கில் காற்று அடைத்துக்கொள்கிறது. தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது மெழுகு. சுடுதண்ணீர் பட்டால்தான் அது விரிந்து வால்வைத் திறக்கும். சுற்றிலும் காற்று நின்றால் சூடு தெரியாமல் தூங்கும். முள் கீழே கிடந்து திடீரென்று எகிறினால் பெரும்பாலும் இதுதான்.

கை வைத்துப் பாருங்கள், ஃபேன் பக்கம் மட்டும் போகாமல். எஞ்சின் கொதிக்கிறது, மேல் ஹோஸ் பச்சைத்தண்ணீராக இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் ஆறியே இருந்தால் ரேடியேட்டர் அடைப்பையோ வாட்டர் பம்பையோ பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய கொஞ்ச நேரத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகி, ரேடியேட்டரில் குமிழி நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட். அதற்குமேல் வண்டியை ஓட்டாதீர்கள்.

தம்பி வண்டியில் காலையில் எஞ்சின் ஆறியபின் ஹவுசிங்கைத் திறந்தேன். மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் சரியாகவே இருந்தது. ஆனால் காற்று போகிற சின்ன ஓட்டை கீழ்ப்பக்கம் திரும்பியிருந்தது. அது மேலே இருக்க வேண்டும். வால்வை நூலில் கட்டி, அவர் வீட்டு அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். மேலே அடித்திருந்த டிகிரியிலேயே திறந்தது. முதலில் போட்டதையும் அப்படியே சோதித்தோம், அதுவும் நல்லதுதான். இரண்டு பொருளுக்கும் கொடுத்த காசு போனதுதான் மிச்சம்.

ஓட்டையை மேலே வைத்துப் பூட்டி, முன்சக்கரம் உயர்ந்து நிற்கும்படி தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து ஏற்றத்தில் நிறுத்தினோம். மூடியைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றி, ஐட்லிங்கில் ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். வால்வு திறந்ததும் மட்டம் படக்கென்று இறங்கியது. ஒன்றரை லிட்டருக்கு மேல் உள்ளே போயிற்று. அவ்வளவும் காற்று நின்ற இடம்! சில வண்டிகளில் காற்றை விட தனி ஸ்குரூ உண்டு, அதைத் தளர்த்தினால் வேலை சுலபம்.

சோதனை ஓட்டத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வீசும். திருநெல்வேலி போகையில் அது முதுகுக்காற்று. ரேடியேட்டருக்குள் புகும் காற்று குறையும். திரும்பி வருகையில் எதிர்க்காற்று குளிர்விக்கும். அதனால் போகும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், வரும்போது பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

கடலோரத்து போர் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து ரேடியேட்டரை அடைக்கும். கூலண்டோடு பேட்டரித் தண்ணீரைக் கலந்து ஊற்றுங்கள்.

இன்னும் ஒன்று, என் இடது கையைப் பாருங்கள். இளவயசில் சூடான ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்ததில் வெந்த தழும்பு. மூடி இருக்கும்வரை அழுத்தத்தால் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் கொதித்து மேலே அடிக்கும். மேல் ஹோஸைக் கை பொறுக்கப் பிடிக்க முடிகிறவரை காத்திருங்கள். லேட்டானால் ஆகட்டும்.

இறக்கிய கூலண்டை ஓடையில் விடவும் வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது விஷம். தம்பி அன்று பழைய எண்ணெய் கேனில் பிடித்து, மூடி இறுக்கி, வொர்க்ஷாப்பில் கொடுத்துவிட்டுத்தான் லோடு ஏற்றப் போனார்.