இரு வீட்டுக் கணக்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இசையைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசுவது நம் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கடன். மங்கலமான நாளில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், குழந்தைகள் உறங்கிய பின் நம் வீடுகளில் தணிந்த குரலில் நிகழும் உரையாடல்களுள் பல இதனைப் பற்றியவையே என்பதை நாம் அறிவோம். தனித்தனியே அஞ்சிக் கொண்டிருப்பதை ஒன்றுகூடி எண்ணிப் பார்ப்பதற்குச் சங்கத்தைவிட ஏற்ற இடம் வேறொன்று உண்டோ?

முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய 1929இல் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. 1931இல் அது வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடன்பட்டிருந்தன என்று மதிப்பிட்டது. அவற்றுள் மிகப் பலவற்றின் கடன் மூன்று மாத ஊதியத்தினும் மிகுந்திருந்தது. ரூபாய்க்கு மாதம் ஓரணா என்பது அக்காலத்தில் பரவலாக வழங்கிய வட்டி. ஆண்டுக்கு 75 விழுக்காடு. சம்பள நாளன்று ஆலை வாயிலில் கடன் கொடுத்தவர் தடியுடன் காத்து நிற்பார். கடனுக்குரிய காரணங்களுள் திருமணச் செலவையும் விழாச் செலவையும் ஆணையம் சிறப்பாக எடுத்துக் காட்டியது. அத்தொழிலாளருள் பெரும்பாலோர் பிழைப்பின் பொருட்டுச் சிற்றூர்களை விட்டு வந்தவர்கள். உடல் நகரத்தில் உழைத்தது. மதிப்பும் மானமும் ஊரிலேயே இருந்தன. இதனைப் படிக்கும்போது நம் நினைவு நம்மையே நோக்கித் திரும்புகின்றது அன்றோ?

டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு வீடு ஒன்றன்று, இரண்டு. ஒன்று கரோல் பாக்கிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ நாம் குடியிருக்கும் வீடு. மற்றொன்று தஞ்சையிலோ நெல்லையிலோ நம் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கும் வீடு. இங்குள்ள வீட்டின் செலவு நமக்குத் தெரியும்: வாடகை, பால், மளிகை, பள்ளிக் கட்டணம், கோடையில் கூலர், குளிரில் ரஜாயும் கம்பளியும். ஊரிலுள்ள வீட்டின் செலவோ எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பெற்றோருக்கு அனுப்பும் பணம், தங்கை மகளுக்குச் சீர், கோயில் திருப்பணி, கூரை ஒழுகுவதற்குச் செப்பம், ஆண்டுக்கொரு முறை மனைவி மக்களுடன் இரயிலேறிச் சென்று வரும் பயணம் ஆகியவை நாம் ஒவ்வோர் ஆண்டும் செய்பவை. ஒவ்வோர் ஆண்டும் இவை எதிர்பாராத செலவுகளாக வந்து நிற்கின்றன!

ஊரில் நமக்கு ‘டில்லிக்காரர்’ என்று ஒரு பெயர் உண்டு. அப்பெயர் இனிமையானது, ஆனால் நாம் விலை கொடுத்து வாங்கும் பொருள்களுள் அதுவே மிக விலையுயர்ந்தது. இங்கு நாம் கொடுக்கும் வாடகையை அங்குள்ளார் அறியார். நம் சம்பளத்தை மட்டும் அறிவர். அதையும் சிறிது கூட்டியே அறிவர். பெட்டி நிறையப் பொருள்களுடன் இறங்கினால் மகிழ்கின்றனர். வெறுங்கையுடன் சென்றால் ஒன்றும் சொல்லாமல் இருக்கின்றனர். அம்மௌனத்தை நாம் பெரிதும் அஞ்சுகின்றோம். அவ்வச்சத்தினால் கடன் வாங்கிப் பெட்டியை நிரப்புகின்றோம். வறுமையினால் வரும் கடனுக்கு நாணவேண்டியதில்லை. நம்மிடம் இல்லாத செல்வத்தை இருப்பதாகக் காட்டுவதற்கு வாங்கும் கடனே நம் உறக்கத்தைக் கெடுக்கின்றது.

இக்காலத்துக் கடன் கொடுப்பவர் தடியுடன் வாயிலில் நிற்பதில்லை. நம் சட்டைப் பையிலேயே குடியிருக்கின்றார். கிரெடிட் கார்டு என்னும் கடன் அட்டை, கைப்பேசியில் சில நிமிடங்களில் கிடைக்கும் கடன், கடையில் பொருளோடு ஒட்டிவரும் மாதத் தவணை என அவருக்கு வடிவங்கள் பல. முகம் சுளிக்காமல், சான்று கேட்காமல் கொடுக்கின்றார். அவருடைய கணக்கை மட்டும் நாம் பொறுமையுடன் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

கடன் அட்டையில் 60,000 ரூபாய் நிலுவை இருப்பதாகக் கொள்வோம். வட்டி மாதத்திற்கு மூன்றரை விழுக்காடு. ‘குறைந்தது இவ்வளவு கட்டினால் போதும்’ என்று அறிக்கையில் காட்டும் தொகை நிலுவையில் 5 விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய். அதனைத் தவறாமல் செலுத்திவிட்டு நாம் நிம்மதி கொள்கின்றோம். ஆனால் அம்மாத வட்டி 2,100 ரூபாய். வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 378 ரூபாய். ஆக 2,478 ரூபாய் அங்கேயே போயிற்று. அசலில் கழிந்தது 522 ரூபாய் மட்டுமே! வரியையும் சேர்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விழுக்காடு. 1931இன் ஓரணா வட்டியில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் உயிருடன் இருக்கின்றது. அன்றியும், நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடுகின்றது.

சட்டம் வந்து நம்மைக் காக்கும் என்று காத்திருப்பதும் பயனில்லை. கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. எனவே எல்லை வகுக்க வேண்டியது நம் கையே.

தவணைக் கடனிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓர் இலட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. பன்னிரண்டு தவணைகளில் 1,12,000 ரூபாய் திருப்பித் தருக என்பர். கேட்பதற்கு நேர்மையாக இருக்கின்றது. ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு இலட்சத்திற்கும் கணக்கிடப்படுகின்றது. உண்மை வட்டி 21 விழுக்காட்டுக்கும் மேலாகும். ஆகையால் வட்டி குறையும் அசலுக்கா, தொடக்க அசலுக்கா என்னும் ஒரு கேள்வியைக் கேளாமல் எவரும் கையொப்பமிடலாகாது.

இனி, கடனில் இருப்பவர் வெளிவரும் வழியைப் பார்ப்போம்.

முதற்படி, எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுதல். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்னும் மூன்றும் அதில் வேண்டும். வங்கிக் கடன்களில் எதையேனும் மறந்திருப்போமோ என்னும் ஐயமிருந்தால், கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரும்; அதனைப் பெறலாம். அத்தாளைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதவேண்டும். கடனைவிடக் கொடியது மறைத்த கடன். ஒருவர் அறியாமல் மற்றவர் வாங்கிய சிறு தொகையை அடைக்க வேறொரு தொகை, அதனை அடைக்க மற்றொன்று எனத் தொடரும் துன்பத்தில் பாதி, வாய் திறந்த அன்றே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி, மூன்று மாதங்களுக்கு ஒவ்வொரு செலவையும் எழுதிவைத்தல். மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்கிய காலத்தில் கடைக்காரரின் குறிப்புப் புத்தகமேனும் நம் செலவைச் சொல்லிற்று. இன்று கைப்பேசியைக் காட்டிய அளவில் பணம் போய்விடுகின்றது. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கை காட்டும் தயக்கம் அங்கில்லை. எழுதுதல் அத்தயக்கத்தை மீட்டுத் தரும்.

மூன்றாம் படி, அடைக்கும் வரிசை. நாம் பெரும்பாலும் உரக்கக் கேட்பவருக்கு முதலில் கொடுக்கின்றோம். வட்டி மிகுதியாக வாங்குபவரோ அமைதியாக இருக்கின்றார். எல்லாருக்கும் குறைந்த அளவு தவறாமல் செலுத்திவிட்டு, எஞ்சியதனைத்தையும் மிகுந்த வட்டியுள்ள கடனில் செலுத்துக. அது தீர்ந்ததும் அடுத்ததற்குச் செல்க. அலுவலகக் கூட்டுறவுச் சிக்கனச் சங்கத்திலோ, வங்கியில் நகையின் பேரிலோ குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று அட்டைக் கடனை முழுதும் அடைப்பது அறிவுடைமை. பெட்டகத்தில் நகை உறங்க, அட்டைக்கு 40 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கொடுப்பது என்ன கணக்கு? ஆனால் நகை மீளும் வரையில் அட்டையைக் கையில் எடுப்பதில்லை என்னும் உறுதி வேண்டும். அஃதின்றேல் ஒரு கடன் இரு கடனாகும்.

நான்காம் படி, தவணை தவறும் முன்பே வங்கிக்குச் சென்று நிலைமையைக் கூறுதல். தவறிய பின் ஒளிவதைவிட இது மதிப்புடையது. கடன் வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது, மிரட்டலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் அறிவுறுத்தியுள்ளது. கடன்பட்டவர் குற்றவாளியல்லர் என்பதை அவரும் உணர்தல் வேண்டும். அவர் வீட்டாரும் உணர்தல் வேண்டும்.

வெளிவந்தவர் மீண்டும் வீழாதிருக்க வழி யாது? ஆண்டுச் செலவை மாதச் செலவாக்குவதே அது. சான்றுக்கு ஒரு கணக்கு: ஊர்ப் பயணத்திற்கு 40,000, பள்ளித் தொடக்கத்திற்கு 30,000, தீபாவளிக்கு 20,000, காப்பீட்டுக்கு 18,000, குளிர்காலத்துக்கு 12,000. ஆக 1,20,000 ரூபாய். இதனைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,000. சம்பளம் வந்த அன்றே இத்தொகையை வேறொரு கணக்கில் ஒதுக்கிவிட்டால் தீபாவளி கடனுடன் வாராது. மாதம் 10,000 ஒதுக்க இயலவில்லை என்றால், அச்செலவு நமக்கு இயலாதது என்பதை முன்னரே அறிந்துகொண்டோம். பயணத்தை ஓராண்டு தள்ளிவைக்கலாம், பெட்டியைச் சிறிதாக்கலாம்.

இதனோடு மற்றொரு தொகையும் தனியே இருத்தல் வேண்டும். நள்ளிரவில் ஊரிலிருந்து தொலைபேசி ஒலிக்கும் நாள் நம் ஒவ்வொருவர்க்கும் உண்டு. ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே புறப்படு’ என்னும் குரல் கேட்டபின் விமானக் கட்டணத்தின் விலையை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. அன்று எங்கே கடன் கேட்பது என்று எண்ணியபடி வழி நெடுகச் செல்லும் துன்பம் நம்மில் எவர்க்கும் வரலாகாது. குடும்பம் முழுவதும் ஒருமுறை ஊர் சென்று வருவதற்கான பணம் எப்போதும் தொடாமல் இருக்கட்டும்.

நம்மிடையே சீட்டுப் பிடிப்போரும், இவ்வூர் வழக்கப்படி ‘கமிட்டி’ போடுவோரும் பலர். சேமிக்கும் பழக்கத்திற்கு அது துணையாகலாம். ஆயினும் தொடக்கத்திலேயே தள்ளுபடி கொடுத்துச் சீட்டை எடுப்பது வட்டிக்கு வாங்குவதன்றி வேறன்று. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்று பார்த்த பின்னரே சேர்தல் நன்று. நட்பின் பேரில் நடக்கும் சீட்டு முறிந்தால் பணத்துடன் நட்பும் போகும்.

இவ்வளவும் சொன்னதால் கஞ்சத்தனத்தைப் போற்றுகின்றோம் என்று கொள்ளற்க. வரும் வழி சிறிதாயினும் செலவாகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்தை வலியறிதல் அதிகாரத்தில் வைத்த வள்ளுவரே, துய்க்காமலும் கொடுக்காமலும் வைத்திருக்கும் செல்வத்தை இகழ்ந்து நன்றியில் செல்வம் என்று தனி அதிகாரம் வகுத்தார். பெற்றோருக்கு அனுப்பும் பணத்தையும், மருத்துவத்தையும், குழந்தைகளின் படிப்பையும், அவர்கள் தமிழ் எழுதப் படிக்கக் கற்பதையும் குறைத்துச் செய்யும் சிக்கனம் சிக்கனமன்று. பிறர் பார்வைக்காகச் செய்வதைக் குறைப்பதே சிக்கனம்.

இறுதியாக ஒன்று. 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதற்கு முன்னரே சென்னை மாகாணத்தில் இதனை ஆராய்ந்து பெரியதோர் அறிக்கை அளித்தவர் பிரெடரிக் நிக்கல்சன். அதே 1904இல் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தனி ஒருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்யலாம் என்னும் பாடம் தமிழர்க்குப் புதிதன்று. நம் சங்கமும் ஆண்டில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். முதன்முதலாகச் சம்பளம் வாங்கும் நம் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கைக் கற்றுத் தரலாம். வங்கியிலும் கணக்குத் துறையிலும் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பெரியோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் தனியே சென்று வழி கேட்கலாம். திருமண மண்டபத்திலும் தாம்பூலப் பையிலும் ஒருவரை ஒருவர் விஞ்சும் போட்டியை, நாம் மதிக்கும் குடும்பங்களே முன்வந்து நிறுத்தலாம். எளிய திருமணத்தைப் பெரியவர் ஒருவர் செய்துகாட்டினால், பின்னால் வரும் பத்துப் பேர் கடனிலிருந்து தப்புவர்.

அடுத்த கோடையில் ஊருக்குச் செல்லும்போது, கொண்டுசெல்லும் பெட்டி சற்றுச் சிறிதாக இருக்கட்டும். தங்கும் நாள்கள் சற்றுப் பெருகட்டும். முதிய பெற்றோர் வழிபார்த்திருப்பது பெட்டிக்காக அன்று. நாமும் வட்டியை எண்ணாமல், அவர்கள் அருகில் அமர்ந்து மனம்விட்டுப் பேசலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!