ஸ்காலர்ஷிப் இன்டர்வியூவுக்குப் போறீங்களா? கணக்கோட போங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சிலிங் ஓடிக்கிட்டிருக்கிற இந்த நேரத்துல எனக்கு அதிகம் வர்ற கேள்வி: "டிரஸ்ட்ல ஸ்காலர்ஷிப் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க, என்ன பேசறது?" நாலு வருஷமா ஒரு சின்ன டிரஸ்ட்டுக்காக நான் கேள்வி கேக்கற பக்கம் உட்கார்றேன். அங்கே பார்த்ததைச் சொல்றேன்.

உங்க வீட்டுக் கஷ்டம் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் ஃபைல்ல இருக்கு. சில பேனல்ல அதையே கிளறுவாங்க. எனக்கு அது பிடிக்கிறதில்லை. அப்பாவைப் பத்தி குடைஞ்சு கேட்டா, "வீட்டுச் செலவு அம்மா சம்பளத்துலதான் ஓடுது சார்"னு ஒரே வரியில முடிச்சுக்கலாம். அழுதுதான் வாங்கணும்னு இல்லை.

எங்களுக்குத் தெரியாதது உங்க கணக்கு. ஒரு பேப்பர் எடுங்க. டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், பஸ், எக்ஸாம் ஃபீஸ் எல்லாம் எழுதுங்க. காலேஜ் சொல்ற தொகையில மெஸ் சேர்ந்திருக்கான்னு ஆபீஸ்ல கேளுங்க. அடுத்து வரவு. 6ல இருந்து 12 வரை அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண், பையன்னா தமிழ்ப் புதல்வன்; மாசம் 1000 ரூபாய். முதல் பட்டதாரியா இருந்து கவுன்சிலிங்ல இன்ஜினியரிங் சேர்ந்தா கட்டணச் சலுகை உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. இதையெல்லாம் மறைக்காதீங்க. கழிச்சுட்டு, எவ்வளவு இடிக்குதுன்னு சொல்லுங்க.

போன வருஷம் ஒரு பொண்ணு நோட்டுல கிழிச்ச தாளோட வந்தா. ஹாஸ்டல், மெஸ் ரெண்டையும் அடிச்சுட்டு, "ரெண்டு பஸ் மாறி வந்துக்கறேன்"னு எழுதியிருந்தா. போக வர நாலு மணி நேரம். அவ வெளியே போனதும், அவளை எப்படி ஹாஸ்டல்ல சேர்க்கறதுன்னுதான் நாங்க பேசினோம். அவளா வாயைத் திறந்து அதைக் கேக்கவே இல்லை.

பேனல் தமிழ்ல கேட்டா தமிழ்லயே பதில் சொல்லுங்க. யூடியூப் பார்த்து மனப்பாடம் பண்ண 'மைசெல்ஃப்' ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிடும். ஏன் இந்த கோர்ஸ்னு கண்டிப்பா கேப்பாங்க. முதல் செமஸ்டர் பாடங்களையாவது பார்த்துட்டுப் போங்க.

கடைசியில, "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"ம்பாங்க. கேளுங்க. பணம் காலேஜுக்குப் போகுமா, என் அக்கவுன்ட்டுக்கா? வருஷா வருஷம் புதுசா அப்ளை பண்ணணுமா? அரியர் விழுந்தா நிறுத்திடுவீங்களா? இந்த மூணாவதைக் கேக்கத்தான் எல்லாருக்கும் கூச்சம். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் எனக்கு வர்ற போன்ல பாதி அதைப் பத்தித்தான்.