மாத்திரை முடிந்த பிறகு

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற நோயாளர் தினக் கூட்டத்தில் வாசித்தளித்த உரை)



விழா மேடையில் வியாதியைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானா என்று எங்களில் சிலருக்கே தயக்கம் இருந்தது. கொடிமரம், தேர், பள்ளிக்கூடம், பாடற்குழு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள நமக்கு எவ்வளவோ உண்டு. ஆனாலும் எங்கள் ஐவரையும் அழைத்துப் பேசச் சொன்ன குழுவினருக்கு நன்றி. நாங்கள் காசநோயிலிருந்து பிழைத்தவர்கள். பெரியவர்கள் அதைச் சயரோகம் என்பார்கள், ஆஸ்பத்திரியில் டி.பி. என்பார்கள். எங்களில் ஒருவர் கொத்தனார், ஒருவர் தையல் வேலை செய்யும் சகோதரி, ஒருவர் ஓய்வுபெற்ற கண்டக்டர், ஒருவர் கல்லூரி மாணவர், ஒருவர் மூன்று பிள்ளைகளின் தாய். பெயர்களைச் சொல்லவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தெரியாமலே இருக்கட்டும்.

எப்படிப் பிழைத்தீர்கள் என்று சொல்லுங்கள் என்றார்கள். அது சின்னக் கதைதான். பிழைத்த பிறகு நடந்ததுதான் நீண்ட கதை.

தையற்கார சகோதரிக்கு மாலைக் காய்ச்சல், ராத்திரியில் வியர்வை, விடாத இருமல். பஞ்சுத் தூசி என்றார்கள் அக்கம்பக்கத்தார். அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவருடைய எடை 33 கிலோ. அங்கே மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்பே எடை பார்த்தார்கள், மூச்சை எண்ணினார்கள், விரலில் கருவி மாட்டிப் பிராணவாயு எவ்வளவு என்று பார்த்தார்கள், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவரால் நிற்க முடியவில்லை. உடனே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் வழிமுறை இது என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். காசநோயில் சாகிறவர்களில் மிகுதியானோர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே சாகிறார்கள். ஆகையால் யார் ஆபத்தில் இருக்கிறார் என்று முதல் நாளிலேயே கண்டுகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் கருத்து. மூன்றாம் நாள் சாமி வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். பாடற்குழுவினர் அடக்கப் பாட்டுகளை ஒருமுறை பாடிப் பார்த்துக்கொண்டார்களாம். அச்சகோதரியே இதைச் சொல்லிச் சிரிக்கிறார். அவரும் அதே பாடற்குழுவில்தான் இருக்கிறார்!

நம் கோவிலில் சிறுமலர் புனித தெரேசாவின் சுரூபத்துக்குப் பூ வைக்கிறோம். அவர் 1897இல் தமது 24ஆம் வயதில் இறந்தது இதே நோயால்தான். நோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தது 1882இல். ஆக, இன்ன கிருமி என்று தெரிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும் அந்த இளம் கன்னியருக்குக் கொடுக்க மருந்து இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது 1943இல். ஐசோனியசிட் என்ற மாத்திரை வழக்கத்துக்கு வந்தது 1952இல். அதுவரை மலைக்காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, சானடோரியம் என்பவையே கதி. தாம்பரத்தில் 1928இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் இன்றும் ஒரு ரயில் நிலையத்துக்கு இருக்கிறதல்லவா? அங்கே போனவர்களை வழியனுப்பியதை நம் பெரியவர்களில் சிலர் கதையாகக் கேட்டிருப்பார்கள்.

அந்தக் காலத்தை மாற்றியதில் நம் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவரின் தலைமையில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு காலம். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் படுக்கையும் நல்ல உணவுமாக இருந்தார்கள். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்க வைத்தது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். அதைவிட முக்கியமானது இது: வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. முறையாக மருந்து சாப்பிடத் தொடங்கியவரிடமிருந்து நோய் பரவுவது வெகு விரைவில் குறைந்துவிடுகிறது.

நம் ஊரிலேயே நிரூபித்த இந்த உண்மை நம் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. மருந்து தொடங்கி நான்கு மாதம் ஆன பிறகும், டீக்கடையில் எங்கள் கொத்தனாருக்குக் காகித டம்ளர்தான். பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணாடி டம்ளர். ஞாயிறு பூசையில் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சில் மீதி இடம் காலியாகவே இருந்தது. மாணவரின் அக்காவுக்கு வந்த வரன், தம்பிக்கு டி.பி. என்று கேள்விப்பட்டதும் நின்றுபோனது. யாரையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. பயம் எல்லாருக்கும் உண்டு. எங்களுக்கும் இருந்தது.

ஆறு மாத மருந்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முதல் நாள் பார்த்து அலறாதவர் எங்களில் ஒருவர்தான், அவர் கண்டக்டர். குமட்டும், மூட்டு வலிக்கும். இரண்டாம் மாதம் இருமல் நின்று பசி எடுக்கும்போதுதான் நிஜமான சோதனை. உடம்பு சரியாகிவிட்டதே, இனி எதற்கு இந்த மாத்திரை என்று மனம் சொல்லும். அங்கே நிறுத்தினால், சாகாமல் மிச்சமிருக்கும் கிருமிகள் திரும்ப எழும். அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். எங்கள் ஐவரையும் காப்பாற்றியது வைராக்கியம் அல்ல. வீட்டில் ஒருவர் தினமும் டம்ளரில் தண்ணீரோடு எதிரே நின்றதுதான்.

ஆறாம் மாதம் அட்டையில் குணமடைந்தார் என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டில் பாயசம். மறுவாரம் கொத்தனார் வேலைக்குப் போனார். இரண்டாம் மாடிப் படியில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கிருமி செத்தாலும் அது அரித்த நுரையீரலில் தழும்பு நிற்கும். சிலருக்கு வாழ்நாள் முழுதும் இளைப்பும் சளியும் இருக்கும். குணமாகிவிட்டதே, இன்னும் என்ன சோம்பல் என்று மேஸ்திரி கேட்டார். நோயில் கிடந்தபோது யாரும் கேட்காத கேள்வி அது. அவர் சித்தாள் கூலிக்கு இறங்கி, ஒன்றரை ஆண்டு கழித்தே பழையபடி கரண்டி பிடித்தார். அதற்குள் நகை அடகில் மூழ்கிவிட்டது. பாடற்குழுச் சகோதரி இன்றும் ஒரு வரியை ஒரே மூச்சில் பாட முடியாமல் நடுவில் மூச்சு எடுத்துக்கொள்கிறார். கவனித்துக் கேட்டால் உங்களுக்குத் தெரியும்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை ஆராய்ச்சியைக் காட்டி, மருந்திருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல என்பது எங்கள் கருத்து. எளிய உணவு உண்பவரிடமும் மருந்து வேலை செய்யும் என்றுதான் அந்த ஆராய்ச்சி காட்டியது. பட்டினி கிடக்கலாம் என்று காட்டவில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆராய்ச்சியில், நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் 5 விழுக்காடு எடை கூடியவர்களுக்கு மரண ஆபத்து 61 விழுக்காடு குறைவாக இருந்தது. குடும்பத்தாருக்கும் உணவு கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கியிருக்கிறது. நல்லதுதான். முட்டை விற்கும் விலையில் அது எத்தனை நாளைக்கு வரும் என்பதை இங்கிருக்கும் தாய்மார்களே கணக்குப் போடட்டும்.

யாயீரின் மகளை உயிர்ப்பித்தவுடன் நம் ஆண்டவர் செய்த காரியம் நற்செய்தியில் இருக்கிறது. வந்தவர்கள் பிரமித்து நிற்க, அவர் அந்தச் சிறுமிக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். தையற்கார சகோதரியின் வாசலில் நான்கு மாத காலம் நாள்தோறும் இரண்டு முட்டைகளை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே போன ஒரு பாட்டியை நினைத்துத்தான் இதைச் சொல்கிறோம். அவர் உள்ளே வந்து சாப்பிட்டும் போயிருக்கிறார், அதே வீட்டுத் தட்டில். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இனி வேலையைச் சொல்கிறோம். பங்குத் தந்தை அனுமதியுடன், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் நாங்கள் ஐவரும் மாதா கெபிப் பக்கம் வேப்பமரத்தடியில் இருப்போம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் வாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் எங்களில் ஒருவர் கூட வருவார். மருந்து முடித்தவர்களும் வாருங்கள். முடித்த பின்பும் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். அந்தத் தேதிகளைக் கண்டக்டர் தம் நோட்டில் குறித்து வைத்துக்கொள்வார். வீட்டிலிருந்து பாலோ பருப்போ கொடுக்க விரும்புகிறவர்கள் மூன்று பிள்ளைகளின் தாயிடம் கொடுக்கலாம். யாருக்குப் போகிறது என்று அவர் சொல்லமாட்டார்.