ஓர் எழுத்து மாறினால்...
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



டாக்டர் பேச வேண்டிய விஷயத்தை எஞ்சினியர் ஏன் பேசறான்னு நினைப்பீங்க. காரணம் என் ஹாஸ்டல் ரூம்மேட்.

மூன்றாம் ஆண்டில் அவனுக்கு இருமல் நிற்கவே இல்லை. பரிசோதித்ததில் காசநோய். வழக்கமான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகியும் குணமில்லை. பிறகுதான் சளியைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். இந்தக் கிருமி மிக மெதுவாக வளரும். ரிசல்ட் வர மேலும் இரண்டு மாதம். முக்கியமான இரண்டு மருந்துகளும் அதனிடம் பலிக்காது என்று வந்தது. அப்புறம் மாதக்கணக்கில் கானமைசின் ஊசி. உயிர் பிழைத்தான், காது போய்விட்டது. இதோ, மூன்றாவது வரிசையில் என் உதட்டசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் பேசுகிறேன்.

வீணான அந்த நான்கு மாதத்தைக் குறைக்க முடியுமா? இன்று முடியும்.

காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியை 1998-ல் முழுவதும் படித்து வெளியிட்டார்கள். ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளில் எழுதிய சுமார் 44 லட்சம் எழுத்து நீளம். அதில் ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவில், ஓரிடத்தில் டி.சி.ஜி. என்பது டி.டி.ஜி. ஆனால் போதும், ரிஃபாம்பிசின் பலிக்காது. ஒரே ஓர் எழுத்து! நம் புரோகிராமில் அது பிழை. கிருமிக்கு அதுவே கவசம்.

சீக்வென்சிங் இயந்திரம் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் படிக்கிறது. கம்ப்யூட்டர் அதை மூலப்பிரதியோடு ஒப்பிட்டு, எங்கே மாறியிருக்கிறது என்று காட்டுகிறது. எந்த மாற்றம் எந்த மருந்தைத் தடுக்கும் என்ற பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்டு, 2023-ல் விரிவாக்கியது. ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடும். சீக்வென்சிங் பல மருந்துகளைப் பற்றி ஒரே தடவையில் சொல்லும். இங்கிலாந்தில் 2017 முதல் இது வழக்கமான சோதனை.

குறையும் உண்டு. முழுத் தொகுதியையும் படிக்கப் பெரும்பாலும் இன்னும் கல்ச்சர் தேவைப்படுகிறது. சளியிலிருந்தே வேண்டிய மரபணுக்களை மட்டும் படிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2024-ல் பரிந்துரைத்தது. இதை மலிவாக்கி, மாவட்ட ஆஸ்பத்திரி வரை கொண்டுபோவது நம்மைப் போன்ற எஞ்சினியர்களின் வேலை. தம்பிகளா, நல்ல புராஜெக்ட் தேடறீங்களா? இதோ இருக்கு.

கடைசியாக ஒன்று. பரிசோதனைக்குப் போகுமுன் ஒரு மாதம் அவன் இருமலை மறைத்தான். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த எனக்குத் தெரியும். "யார்கிட்டயும் சொல்லாதடா" என்றான், நானும் சொல்லவில்லை. அந்த ஒரு மாதத்தை எந்த இயந்திரமும் மீட்டுத் தராது. இரண்டு வாரம் இருமல் நிற்கவில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சோதனை இலவசம். நண்பன் போகவில்லை என்றால் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள்.